இடது பக்கம் சறுக்கிய கார்டுகள்

போன வாரம் என் மகள் பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பினாள். கேட்கிற பாட்டு இல்லை, படிக்கிற பாட்டு. ஆங்கில எழுத்தில் தமிழ் வரிகள், ஒவ்வொரு வரிக்கும் மேலே Am, G, F என்று கார்டுகள். கிடார் கற்றுக்கொள்கிறாள். "எந்தக் கார்டு எந்த வார்த்தைக்கு வருதுன்னே தெரியலப்பா. எல்லாம் இடது பக்கம் போய் ஒட்டிக்கிச்சு. நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி ட்ரூப்ல வாசிச்சீங்கன்னு அம்மா சொன்னாங்க. பாத்துச் சொல்லுங்க" என்று கீழே ஒரு உத்தரவு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இந்தச் சறுக்கல் எனக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் தி. நகர் கல்யாண மண்டபம் ஒன்றில், ஜரிகை வேட்டியும் பட்டுப்புடவையுமாக ஊரே உட்கார்ந்திருக்க, என்னைக் கவிழ்த்துப் போட்டது இதே சறுக்கல்தான்.

கார்டு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. பாட்டுக்குப் பின்னணியாக மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் அமுக்குவதுதான் கார்டு. பாட்டு நகர நகர அதுவும் மாறும். எப்போது மாறவேண்டும் என்பது காது உள்ளவர்களுக்குத் தானாகத் தெரியும். எனக்குத் தெரியாது. ஒரு மெல்லிசைக் குழுவில் மூன்று வருஷம் கீபோர்டு வாசித்தவன் சொல்கிற பேச்சா இது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு விரல் இருந்தது, கண் இருந்தது. காது மட்டும் கண்ணாடி மாட்டிக்கொள்ளத்தான்.

அப்போது ஆழ்வார்பேட்டையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். மனுக்களை இரண்டு வரி இடைவெளி விட்டு அடிக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். நடுவில் சும்மா கிடக்கும் அந்த வெற்று வரியைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கீழே பாட்டு வரி, மேலே வெற்று வரியில் கார்டு. டைப்ரைட்டரில் ஒரு வசதி உண்டு. ஒல்லியான i-க்கும் குண்டு M-க்கும் அது ஒரே இடம்தான் கொடுக்கும், வெற்றிடத்துக்கும் அதே இடம்தான். அதனால் எந்த அசையில் கார்டு மாறுமோ, அந்த அசையின் தலைக்கு நேர் மேலே கார்டை உட்கார வைக்கலாம். கார்டை அரைச் சுரம் உயர்த்தும் # குறி மிஷினில் கிடையாது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். சமக் குறி ஒன்று அடித்து, ஒரு எட்டு பின்னால் வந்து, அதன் மேலேயே ஒரு சாய்வுக்கோடு. இந்தக் கண்டுபிடிப்புக்கு எனக்கு யாரும் பட்டம் தரவில்லை. மதிய இடைவேளையில் தயிர்சாதக் கையோடு அடித்ததால், பல தாள்களில் கார்டுகளுக்கு நடுவே ஊறுகாய் எண்ணெயும் உண்டு.

சரி, காது இல்லாதவனுக்குக் கார்டு எங்கிருந்து வந்தது? எங்கள் தெரு முனையில் செல்போன் ரிப்பேர் கடை ஒன்று இருக்கிறது. அங்கே ஈயம் பற்றவைக்கும்போது ஒரு வாடை கிளம்பும், இனிப்பும் கசப்புமாக, தொண்டையில் போய் நிற்கும். அந்த வாடை வந்தால் நான் கடை வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். "இன்னா சார், போன்ல ப்ராப்ளமா?" என்று கடைக்காரர் கேட்கும்வரை நிற்பேன். அது சேவியரின் வாடை.

சேவியர் எங்கள் குழுவுக்கு மைக் செட் போட வருபவன். சாந்தோம் பக்கத்துக் குப்பத்துக்காரன். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மயிலாப்பூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். இவன் மட்டும் தண்ணீரை விட்டு வயரைப் பிடித்துக்கொண்டு, ராயப்பேட்டையில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தான். என் வயதுதான். பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு முடித்துக்கொண்டவன். ஆனால் ஒரு பாட்டை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அதன் அடிவயிற்றில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவான். ஆங்கில எழுத்தோடு மட்டும் அவனுக்கு ஒத்துப்போகவில்லை.

"ஏ பி சி டி எல்லாம் எனக்கு வோணாம் நைனா. ஒண்ணு ரெண்டுனு சொல்றேன், நீ எயுதிக்கோ."

அப்படித்தான் எங்கள் பாஷை பிறந்தது. C-க்கு ஒன்று, D-க்கு இரண்டு, அப்படியே போய் B-க்கு ஏழு. பெரும்பாலும் அவன் வாயில் வயர் இருக்கும், பல்லால் தோல் உரித்துக்கொண்டிருப்பான். அதனால் எண்ணும் போய் விரலாயிற்று. ஐந்து விரல் காட்டினால் G. ஒரு கை முழுசும் இன்னொரு கையில் ஒரு விரலும் காட்டினால் A. அதையே புறங்கையைக் காட்டிச் செய்தால் மைனர், தாளில் பக்கத்தில் ஒரு சின்ன m. காட்டிவிட்டு உச்சந்தலையைத் தட்டினால் # சேர்த்துக்கொள்ளவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கடையில் டேப் ரிக்கார்டரை ஓடவிட்டு, அவன் விரல் காட்ட நான் பென்சிலால் குறித்துக்கொள்வேன். திங்கட்கிழமை மதியம் அது டைப் ஆகிவிடும். அறுபது, எழுபது பாட்டு சேர்ந்திருக்கும். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'கார்டுகள்:' என்று போட்டு என் பெயரை அடித்தேன். அடித்தவன் நான்தானே என்று அப்போது தோன்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குழுவின் தலைவர் ரமணி சார். மயிலாப்பூர்க் குளத்தருகே வீடு, பகலில் இன்ஷூரன்ஸ் கம்பெனி, மாலையில் காங்கோ டிரம். முறையாக மிருதங்கம் படித்தவர். "கார்டு கீர்டெல்லாம் நேக்குத் தெரியாதுடா. ஆனா தப்பா இருந்தா வயத்தைக் கலக்கும்" என்பார். அது உண்மைதான். தப்பு வந்தால் முகத்தைச் சுளித்து வயிற்றைத் தடவுவார்.

வக்கீல் ஆபீசில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டைப்பு" என்பார்கள். "டைப்பு, இதை மூணு காப்பி போடு." வாரம் முழுக்க டைப்பாக இருந்தவன் முகூர்த்த நாளில் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு விளக்கு வெளிச்சத்தில் உட்காருவேன். யாராவது ஒரு குழந்தை வாயைப் பிளந்துகொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு மேடைதான் எனக்கு இருந்தது. அதை விட்டால் நான் வெறும் டைப்பு.

அந்த இடத்துக்கும் வந்தது ஆபத்து. ரமணி சாருடைய அக்கா பிள்ளை ஒருவன் அடையாறில் இருந்தான். சிங்கப்பூரிலிருந்து ஒரு கீபோர்டு வந்து இறங்கியிருந்தது அவனுக்கு. ஒரு விரலை வைத்தால் மிச்சத்தை அதுவே வாசிக்கும், டிரம்ஸும் அடிக்கும்.

"அக்கா பிராணனை வாங்கறாடா," என்றார் ரமணி சார். "வர்ற ரிசப்ஷன் என் ஆபீஸ் மேனேஜர் ஆத்துது. அது நன்னா போச்சுன்னா நீயே இருந்துக்கோ. இல்லேன்னா அவனை உக்காத்தி வைக்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

அந்த நேரம் பார்த்து இன்னொரு இடி. ஒரு வீடு காலி செய்யும் வழக்கின் காகிதக் கட்டோடு, நான் அடித்த காதல் பாட்டு ஒன்று சேர்ந்து சைதாப்பேட்டைக் கோர்ட்டுக்குப் போய்விட்டது. என் வேலைதான், கார்பன் தாள்களோடு சேர்ந்து போயிருக்கிறது. வக்கீல் திரும்பி வந்து தாளை என் மேஜையில் போட்டார். "எதிர்க்கட்சி வக்கீல் கேக்கறார்யா, உங்க கட்சிக்காரர் வாடகை தராம பாட்டுப் பாடறாரான்னு." அவர் கோபப்படவில்லை. அன்றிலிருந்து மதிய இடைவேளையில் மிஷினுக்கு உறை போட்டுப் பூட்டிவிட்டார், அவ்வளவுதான்.

ரமணி சாருக்கு இது நல்ல சகுனமாகப் பட்டது. "மேனேஜர் ஆத்துக் கல்யாணம். ஊறுகாய்க் கறையோட மேடையில ஸ்டாண்டுல மாட்டப் போறியா? கம்ப்யூட்டர்ல அடிச்சுண்டு வா." சேவியர் மட்டும் தலையை ஆட்டினான். "பயசே நல்லா தானே கீது. எதுக்கு மச்சி சும்மா கெடக்கறத சொறிஞ்சிக்கினு?" அன்று அவன் பேச்சைக் கேட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரை கிடைத்திருக்காது.

பாண்டி பஜாருக்குப் பின் தெருவில் ஒரு டி.டி.பி. சென்டர். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போகவேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பார்கள். ஏ.சி. போட்டிருக்கும். நெற்றியில் சின்னதாகச் சாந்துப்பொட்டு வைத்த ஒரு பெண் பன்னிரண்டு பாட்டையும் அடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கார்டும் அதன் அசைக்கு நேர் மேலே இருக்கிறதா என்று திரையில் விரலை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. வாயைத் திறந்து "ஓ.கே." சொல்லிவிட்டு வந்தேன். அச்சடித்து லேமினேஷனும் போட்டு வைக்கிறேன், ரிசப்ஷன் அன்றைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எதைக் கண்டாலும் லேமினேஷன் போடுவார்கள், ரேஷன் கார்டிலிருந்து காயத்ரி மந்திரம் வரை.

ரிசப்ஷன் அன்று ஆபீசிலிருந்து நேரே ஓடினேன். பசை ஒட்டிய உறையை நீட்டி அந்தப் பெண் சிரித்தாள். "மொதல்ல இருந்த எழுத்து ரொம்ப மொட்டையா, கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்துச்சு சார். கல்யாணமாச்சேன்னு நல்ல எழுத்தா மாத்தி விட்டுட்டேன். அதுக்குத் தனியா எதுவும் வேணாம்." நான் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னேன். உறையைப் பிரிக்கவில்லை, பஸ்ஸைப் பிடித்தேன்.

மேடையில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். வளைந்து நெளிந்து கொடி படர்ந்த எழுத்து. அழகென்றால் அவ்வளவு அழகு, பத்திரிகையே அடிக்கலாம். ஆனால் அந்த அழகான எழுத்தில் வெற்றிடம் அரிசி அகலம்தான். வெற்றிடங்களை எண்ணி எண்ணித் தள்ளி வைத்திருந்த என் கார்டுகள் எல்லாம் மொத்தமாக இடது பக்கம் சறுக்கி வந்து, வரியின் ஆரம்பத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வரியின் கடைசி வார்த்தைக்கு வரவேண்டிய கார்டு இரண்டாவது வார்த்தையின் தலையில் இருந்தது. பென்சிலால் கோடு போட்டு இழுத்துவிடலாம் என்றால் லேமினேஷனில் பென்சில் வழுக்கியது. போதாக்குறைக்கு மேடை விளக்கு அதில் பட்டுக் கண்ணில் அடித்தது.

பிள்ளையார் பாட்டு தப்பித்தது, அதில் இரண்டே கார்டு. அடுத்தது காதல் பாட்டு. எழுத்து எங்கே சொல்கிறதோ அங்கே வாசிப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாதே. வாசித்தேன். பாடுகிற பெண் வரியின் பாதியைத் தாண்டுவதற்குள் நான் எல்லாக் கார்டையும் முடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருந்தேன். மிச்சப் பாதிக்கு ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ரமணி சார் காங்கோவிலிருந்து ஒரு கையை எடுத்து வயிற்றைத் தடவினார். முன் வரிசையில் மேனேஜர் பன்னீர் சோடா குடிப்பதை நிறுத்தினார். எனக்கு அடையாறுப் பையனின் கீபோர்டு கண்ணில் தெரிந்தது.

திடீரென்று என் கீபோர்டின் சத்தம் குறைந்தது. மண்டபத்தின் கடைசியில், சாப்பாட்டுக் கூடத்தின் கதவோரமாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியோடு உட்கார்ந்திருந்த சேவியர் என் சத்தத்தை அடக்கிவிட்டான். பிறகு நாற்காலி மேல் ஏறி நின்று, என்னைப் பார்த்து ஆறு விரலைக் காட்டினான், புறங்கையாக. Am. நான் வாசித்தேன். நான்கு விரல். F. வாசித்தேன். இரண்டு வரி சரியாகப் போனதும் குனிந்து சத்தத்தைக் கூட்டிவிட்டு மறுபடியும் நிமிர்ந்தான்.

அதற்குப் பிறகு நான் தாளைப் பார்க்கவே இல்லை. அவன் விரலைத்தான் பார்த்தேன். ஆனால் நான் மட்டுமா பார்த்தேன்? அந்தக் கதவு வழியாகத்தான் ஐஸ்கிரீம் தட்டு வந்துகொண்டிருந்தது. நாற்காலி மேல் நின்று ஒருவன் ஐந்து விரல் காட்டினால் பரிமாறுகிறவர் என்ன நினைப்பார்? ஐந்து கப் கொண்டுவந்து மிக்சர் மேல் வைத்தார். அவன் நான்கு காட்டினான், நான்கு வந்தது. புறங்கையைக் காட்டியபோது வேண்டாம் என்கிறானோ என்று இரண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஏழாவது பாட்டில் F# மைனர் அடிக்கடி வரும். நான்கு விரலைப் புறங்கையாகக் காட்டிவிட்டு உச்சந்தலையில் ஒரு தட்டு, வரிக்கு வரி. "பாவம், கடைசிப் பந்தி வரைக்கும் சாப்பிடலை போலிருக்கு, தலையில அடிச்சுக்கறான்" என்று மாமி ஒருத்தர் ஒரு தட்டில் போளியும் வடையும் கொடுத்தனுப்பினார். வீடியோக்காரர் விளக்கோடு திரும்பி அவனையே கொஞ்ச நேரம் எடுத்தார். அந்தக் கேசட்டில், தாலி கட்டிய மாப்பிள்ளைக்கு அடுத்தபடி அதிக நேரம் வந்தது சேவியர்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பன்னிரண்டாவது பாட்டு முடிந்து கைதட்டு எழுந்தபோது, அவனைச் சுற்றி உருகின ஐஸ்கிரீம் கப்புகள் கோட்டை கட்டியிருந்தன.

எல்லாம் மூட்டை கட்டும்போது ரமணி சார் வந்து என் தோளில் கை வைத்தார். மேனேஜர் அவருக்குப் போட்ட மாலை இன்னும் கழுத்தில் இருந்தது.

"ரெண்டாவது பாட்டுல ஏதோ தடுமாறினே. அப்பறம் ஷீட்டையே பாக்காம, எங்கேயோ தூரத்துல பாத்துண்டு வாசிச்சே பாரு. காது இருக்குடா உனக்கு. அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

சேவியர் நான்கடி தள்ளி, முழங்கையில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சார், காது அங்கே நிற்கிறது" என்று கையைக் காட்டியிருக்கலாம். சொன்னால் என் இடம் போய்விடும். டைப்பு என்று கூப்பிடுவது காதில் கேட்டது.

"எல்லாம் ப்ராக்டீஸ் சார்," என்றேன்.

சேவியர் வயரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்த பிறகு, ஒரு போளியைப் பிட்டுப் பாதியை என் கையில் வைத்தான். "இன்னா மச்சி, ப்ராக்டீஸா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். பாதிப் போளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் வாசித்தேன். மிக்சரை எங்கே வைத்தாலும் எனக்கு நேர் எதிராக வைப்பான். பிறகு அவனுக்கு மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் ஒலி பார்க்கும் வேலை கிடைத்தது. போகும் முன் கடைக்கு வரச்சொல்லி, இரண்டு புதுப் பாட்டுக்கு விரல் காட்டிவிட்டுப் போனான். அவன் போன மாதமே, ஆபீசில் வேலை அதிகம் என்று சொல்லி நானும் குழுவிலிருந்து நின்றுவிட்டேன். "இப்படிப்பட்ட காதை வெச்சுண்டு விடறியேடா" என்று ரமணி சார் நிஜமாகவே வருத்தப்பட்டார். அடையாறுப் பையன் வந்தான். ஒரு விரலில் எல்லாம் நடந்தது, யாருடைய வயிற்றையும் கலக்கவில்லை.

இப்போது அந்தக் கல்யாண மண்டபம் இல்லை, அந்த இடத்தில் நான்கு மாடி ஜவுளிக்கடை. மேடை இருந்த பக்கம் லிஃப்ட் என்று நினைக்கிறேன். பாண்டி பஜார் பின் தெருவில் டி.டி.பி. சென்டரும் இல்லை, ராயப்பேட்டை மைக் செட் கடையும் இல்லை. ரிசப்ஷன்களில் பென்டிரைவ் பாடுகிறது. ரமணி சார் போய்ப் பல வருஷம் ஆயிற்று. உண்மையைச் சொல்ல நினைத்தபோதெல்லாம் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சேவியரிடமிருந்து முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு வரவில்லை. குப்பத்துப் பக்கம் ஒரு தடவை போய் விசாரித்தேன். வீடு மாறிப் போய்விட்டார்கள் என்றார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பன்னிரண்டு லேமினேஷன் தாளும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. அதுதான் லேமினேஷனோடு வம்பு. அடியில் 'கார்டுகள்:' என்று போட்டு என் பெயர், கொடி படர்ந்த எழுத்தில், கொஞ்சமும் அழியாமல்.

மகளுக்குப் போன் செய்து, கார்டுகளை வரிக்கு மேலே சரியாக அடித்து அனுப்புகிறேன் என்றேன். "மேல போடாதீங்கப்பா, அது சறுக்கும். வரிக்குள்ளயே, கார்டு மாறுற அசைக்கு முன்னாடி சதுர அடைப்புல போடணும். அப்ப எந்தப் போன்ல பாத்தாலும் நகராது" என்று எனக்கே பாடம் எடுத்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் இவள் எங்கே போயிருந்தாள் என்று தெரியவில்லை. நல்ல வேளையாக அவள் அனுப்பிய பாட்டு, அந்தக் காலத்தில் சேவியர் விரல் காட்டிய பாட்டுதான். ஊறுகாய்க் கறை படிந்த பழைய டைப் தாளைத் தேடி எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால், வரிக்குள்ளேயே [Am] என்றும் [F] என்றும் கார்டுகளைக் குத்தி உட்கார வைத்தேன். ஒரு மத்தியானம் போயிற்று. கடைசியில் பழக்க தோஷத்தில் 'கார்டுகள்:' என்று அடித்தேன். விரல் அங்கேயே நின்றது. பிறகு 'சேவியர்' என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. "யாருப்பா சேவியர்?"

எங்கள் ட்ரூப்பின் மைக் செட்காரர் என்று அடித்தேன். அதைப் படித்துப் பார்த்தேன். எழுத்தெழுத்தாக அழித்தேன்.

'என் காது' என்று அடித்து அனுப்பினேன்.